சீட் கிடைத்துவிட்டால் போதுமா? பட்டியலின, பழங்குடி ஆய்வு மாணவர்களை வழியில் நிறுத்துவது எது? திருச்சி, ஸ்ரீரங்கத்தில் இருந்து ஒரு விளக்கம்

2024 ஜூலை மாதம். திருச்சி மாவட்டம் பச்சமலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர், ஜேஇஇ தேர்வு எழுதி திருச்சி என்ஐடியில் கெமிக்கல் இன்ஜினீயரிங் இடம் பிடித்தார். பெற்றோர் கூலித் தொழிலாளர்கள். படிப்புச் செலவு முழுவதையும் அரசே ஏற்கும் என அறிவிக்கப்பட்டது. டிவி, செய்தித்தாள், வாட்ஸ்அப் என எல்லா இடத்திலும் அந்தப் பெண்ணின் படம்தான்.

கொண்டாட வேண்டிய செய்தி. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தச் செய்திக்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. திருச்சி என்ஐடி தொடங்கப்பட்டது 1964-ல். பச்சமலை இருப்பதும் இதே மாவட்டத்தில்தான். மலை அடிவாரத்தில் இருக்கும் துறையூரில் பஸ் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் திருச்சி. அப்படி இருக்கும்போது, ஒரு பழங்குடி மாணவி அந்தக் கல்லூரிக்குள் நுழைவது 60 ஆண்டுகள் கழித்தும் பெரிய செய்தியாகிறது என்றால், இடையில் என்னதான் நடந்தது?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. உள்ளே நுழைந்த பிறகு என்ன நடக்கிறது? பி.டெக்., எம்.எஸ்சி. முடித்து பிஎச்.டி. வரை வருபவர்கள் எத்தனை பேர்? வருபவர்களுக்கு எங்கெல்லாம் தடை விழுகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

திருச்சியை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

உயர்கல்வியில் எத்தனை வகை நிறுவனங்கள் உண்டோ, அத்தனையும் திருச்சியைச் சுற்றி இருக்கின்றன.

தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியில் என்ஐடி. புதுக்கோட்டை சாலையில் 1982-ல் உருவான பாரதிதாசன் பல்கலைக்கழகம். அதே சாலையில் 2011-ல் வந்த ஐஐஎம். நகருக்குள் வந்தால், 1844-ல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-ல் திருச்சிக்கு இடம் மாறிய செயின்ட் ஜோசப் கல்லூரி. அப்துல் கலாம் படித்த கல்லூரி இதுதான். இவை தவிர நேஷனல் கல்லூரி, ஹோலி கிராஸ், பிஷப் ஹீபர், ஜமால் முகமது, அரசின் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி. திண்டுக்கல் சாலையில் ஸ்ரீரங்கம் வட்டம் நவலூர் குட்டப்பட்டில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம்.

மத்திய அரசு நிறுவனம், மாநிலப் பல்கலைக்கழகம், அரசுக் கல்லூரி, சிறுபான்மை நிறுவனம் என நான்கு வகையும் ஒரே ஊரில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. அதனால் ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு மாணவர்களுக்கு, எந்த வாசலில் நுழைகிறார்கள் என்பதைப் பொறுத்து கிடைக்கும் உரிமையும் உதவித்தொகையும் மாறிவிடுகின்றன.

யாருக்கு எவ்வளவு இடம்?

தமிழ்நாட்டில் மாநில அரசின் இட ஒதுக்கீடு மொத்தம் 69 சதவீதம். பிரித்துப் பார்த்தால்:

- பிற்படுத்தப்பட்டோர்: 26.5 சதவீதம்
- பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள்: 3.5 சதவீதம்
- மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர்: 20 சதவீதம்
- பட்டியலினத்தவர்: 18 சதவீதம் (இதில் 3 சதவீதம் அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு)
- பழங்குடியினர்: 1 சதவீதம்

என்ஐடி, ஐஐஎம் போன்ற மத்திய நிறுவனங்களில் கணக்கு வேறு. அங்கே எஸ்.சி. 15, எஸ்.டி. 7.5, ஓபிசி 27, பொருளாதாரத்தில் நலிவடைந்த முற்பட்ட பிரிவினருக்கு 10 சதவீதம்.

நாடு முழுவதும் 2021-22 உயர்கல்வி கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதில் இருப்பவர்களில் சேர்க்கை விகிதம் 28.4 சதவீதம். தமிழ்நாட்டில் அது 47 சதவீதம். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் நாடு தழுவிய அதே கணக்கில் எஸ்.சி. பிரிவினரின் விகிதம் 25.9, எஸ்.டி. பிரிவினரின் விகிதம் 21.2 மட்டுமே. இதுவும் எல்லாப் படிப்புகளையும் சேர்த்துச் சொல்லும் எண்தான். பட்டப்படிப்பு, முதுநிலை, பிஎச்.டி. என்று மேலே ஏறும்போது ஒவ்வொரு படியிலும் சிலர் நின்றுவிடுகிறார்கள்.

முதல் தடை: கையில் சான்றிதழ் இருக்கிறதா?

"சர்டிபிகேட் வாங்குறதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்கலாம். பழங்குடியினரைக் கேட்டுப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய பிரச்சினை என்று தெரியும்.

பட்டியலினச் சான்றிதழை தாசில்தார் கொடுக்கலாம். பழங்குடிச் சான்றிதழை கோட்டாட்சியர் நிலை அதிகாரிதான் கொடுக்க வேண்டும். அதன் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க மாநில அளவில் ஒரு குழு இருக்கிறது. போலிச் சான்றிதழைத் தடுக்க வந்த ஏற்பாடு இது. நோக்கம் நியாயம். ஆனால் அலைவது என்னவோ உண்மையான பழங்குடிக் குடும்பமும்தான்.

பச்சமலையில் வாழ்பவர்கள் 'மலையாளி' என்ற பழங்குடி. கேரள மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, மலையில் ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். பழங்குடிப் பட்டியலில் இந்தப் பெயர் மாவட்டத்தோடு சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. திருச்சி, சேலம், தருமபுரி போன்ற பழைய மாவட்டங்களில் இருப்பவர்கள் எஸ்.டி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையில் இருக்கும் அதே மலையாளி மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. மலை மாறினால் உரிமையும் மாறிவிடுகிறது.

என்ஐடி இருக்கும் துவாக்குடிக்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. திருவெறும்பூர் பகுதியில் தேவராயநேரி என்ற நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தினரை பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத் திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதாவது, கூப்பிடு தூரத்தில் ஒரு தேசியக் கல்லூரி அறுபது ஆண்டுகளாக இயங்கியும், அதில் தங்களுக்கு எஸ்.டி. இடம் கேட்கும் உரிமையே அந்த மக்களுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது.

இரண்டாவது தடை: நேர்முகத் தேர்வும் வழிகாட்டியும்

இளநிலைப் படிப்பில் மதிப்பெண் பட்டியல் வரும், கவுன்சிலிங் நடக்கும், இடம் ஒதுக்கப்படும். எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிஎச்.டி. அப்படி இல்லை.

பிஎச்.டி.யில் காலியிடம் என்பது வழிகாட்டிப் பேராசிரியரைப் பொறுத்தது. யுஜிசியின் 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் வழிகாட்டலாம். இதில் ஒரு துறையில் இந்த ஆண்டு 2 இடம்தான் காலி என்றால், 18 சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது? 1 சதவீதத்தை எப்படிக் கணக்கிடுவது? துறை துறையாகப் பிரித்துப் பார்த்தால் ஒதுக்கீடு காகிதத்தில் மட்டுமே மிஞ்சும். பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாக வைத்து, சுழற்சி முறையில் கணக்கிட்டால்தான் அந்த இடம் உண்மையில் கிடைக்கும்.

அடுத்தது நேர்முகத் தேர்வு. 2016-ல் வந்த யுஜிசி விதியில் நுழைவுத் தேர்வு வெறும் தகுதிக்குத்தான், இறுதி முடிவு நேர்முகத் தேர்வில் என்று இருந்தது. எழுத்துத் தேர்வில் நன்றாக எழுதியவர்களை நேர்முகத்தில் கழித்துக்கட்ட இது வழி செய்யும் என்று எதிர்ப்பு கிளம்பியது. ஜேஎன்யுவில் பெரிய போராட்டமே நடந்தது. பிறகு விதி மாறியது. இப்போது, பல்கலைக்கழகமே நுழைவுத் தேர்வு நடத்தினால் எழுத்துத் தேர்வுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம்.

30 சதவீதம் சின்ன எண் இல்லை. எழுத்தில் 10 மதிப்பெண் முன்னால் இருப்பவரை நேர்முகத்தில் பின்னுக்குத் தள்ள அது தாராளமாகப் போதும். தமிழ் வழியில் படித்து வந்தவர், அறையில் நான்கு பேராசிரியர்கள் முன்னால் ஆங்கிலத்தில் தன் ஆய்வுத் திட்டத்தை விளக்க வேண்டும். வீட்டில் கல்லூரிப் பக்கமே யாரும் போனதில்லை என்றால், 'சினாப்சிஸ்' எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்கவும் ஆள் இருக்காது. அறிவு இருக்கும். அதை எந்த வடிவத்தில் நீட்ட வேண்டும் என்பதுதான் தெரியாது.

சேர்ந்த பிறகு எல்லாமே வழிகாட்டியின் கையில். தலைப்பு, ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வுக் குழுவின் முன் வைக்கும் அறிக்கை, உதவித்தொகைக்கான கையெழுத்து, கடைசியில் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஒப்புதல். நல்ல வழிகாட்டி அமைந்தால் அதைவிடப் பெரிய வரம் இல்லை. உறவு கசந்துவிட்டால், வேறு ஒருவரிடம் மாறுவது விதியில் முடியும் என்றாலும், அதே துறையில் அவரை ஏற்க இன்னொருவர் முன்வர வேண்டும். பல மாணவர்கள் புகார் செய்யாமல் பொறுத்துப் போவதற்கு இதுதான் காரணம்.

மூன்றாவது தடை: பணம்

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

நெட் தேர்வில் ஜேஆர்எஃப் தகுதி பெற்ற ஒருவருக்கு மாதம் ரூ.37,000. இது 2023 ஜனவரி முதல் உள்ள தொகை. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ரூ.42,000. பட்டியலின மாணவர்களுக்கான தேசிய ஃபெலோஷிப்பிலும் இதே அளவுதான். ஆனால் நாடு முழுமைக்கும் ஆண்டுக்கு 2,000 இடங்கள். பழங்குடியினருக்கு 750.

அது கிடைக்காதவர்கள்? மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் நெட் இல்லாமலேயே மாதம் ரூ.8,000 கிடைக்கும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் அதுவும் இல்லை. பாரதிதாசன் பல்கலைக்கழகம் மாநிலப் பல்கலைக்கழகம்.

தமிழக அரசு, முழுநேர பிஎச்.டி. படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.1 லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. உதவியாக இருக்கும் திட்டம். ஆனால் மாதக் கணக்கில் பார்த்தால் ரூ.8,333. திருச்சியில் அறை வாடகை, சாப்பாடு, களப்பணிக்கான பஸ் செலவு, ஆய்வகப் பொருட்கள், அச்சுச் செலவு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். பக்கத்து மேசையில் ஜேஆர்எஃப் வாங்கும் நண்பருக்கு ஆண்டுக்கு ரூ.4,44,000. இவருக்கு ரூ.1,00,000. இருவரும் எழுத வேண்டியது ஒரே அளவு ஆய்வேடு.

இதில் இன்னொரு சிக்கல் வருமான வரம்பு. கல்லூரி, முதுநிலைப் படிப்புக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை, 1944-ல் இருந்து இருக்கும் பழைய திட்டம். பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அப்பா, அம்மா இருவரும் ஆளுக்கு மாதம் ரூ.10,500 சம்பாதித்தால் ஆண்டுக்கு ரூ.2,52,000. அவ்வளவுதான், வரம்பைத் தாண்டியாச்சு. உதவித்தொகை கிடையாது.

கிடைத்தாலும் நேரத்துக்கு வர வேண்டும். மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு இப்போது மாணவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக வருகிறது. பணம் வந்து சேரும் வரை கட்டணத்துக்கான கெடு காத்திருக்காது. கெடு எவ்வளவு கொடுமையாக இருக்கும் என்பதற்கு 2024-ல் நடந்த ஒரு வழக்கே சாட்சி. உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கூலித் தொழிலாளியின் மகன், ஒரு தலித் மாணவர், ஐஐடி தன்பாத்தில் இடம் பெற்றார். கட்ட வேண்டிய ரூ.17,500-ஐ கெடு நேரத்துக்குள் கட்ட முடியவில்லை. இடம் பறிபோனது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, கடைசியில் உச்ச நீதிமன்றம் போனார். 2024 செப்டம்பர் 30 அன்று அவரைச் சேர்த்துக்கொள்ள உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அவருக்கு உச்ச நீதிமன்றம் வரை போக வழி கிடைத்தது. கெடு தாண்டியதும் ஊர் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கு இல்லை.

மதம் மாறியவர்களுக்கு என்ன நிலை?

திருச்சியில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. பழமையான கிறிஸ்தவக் கல்லூரிகள் இருக்கும் ஊர். தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதி.

1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி, முதலில் இந்துக்கள் மட்டுமே பட்டியலினத்தவர். 1956-ல் சீக்கியர்களும், 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர், முஸ்லிம்கள் இன்னும் இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். மாநில அரசின் சில உதவித்தொகைகள் இவர்களுக்கும் உண்டு. ஆனால் மத்திய அரசின் எஸ்.சி. ஃபெலோஷிப் கிடையாது.

ஒரு காலத்தில் சிறுபான்மையினருக்கான மவுலானா ஆசாத் ஃபெலோஷிப்பாவது இருந்தது. கிறிஸ்தவ ஆய்வாளர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். 2022 டிசம்பரில் அந்தத் திட்டத்தை நிறுத்துவதாக மத்திய அரசு அறிவித்தது. ஆக, அந்தக் கதவும் மூடப்பட்டுவிட்டது.

சரி, கிறிஸ்தவக் கல்லூரியிலாவது இடம் உறுதியா? அதுவும் சட்டப்படி உறுதி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15(5) பிரிவு, சிறுபான்மை கல்வி நிறுவனங்களுக்கு இட ஒதுக்கீட்டில் இருந்து விலக்கு தருகிறது. நிர்வாகம் தானாக முன்வந்து இடம் கொடுக்கலாம், கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் 'எனக்கு உரிமை' என்று சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது.

மதம் மாறிய தலித்துகளுக்கு எஸ்.சி. தகுதி கொடுக்கலாமா என்று ஆராய, முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் 2022 அக்டோபரில் ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது.

நான்காவது தடை: கண்ணுக்குத் தெரியாத சுவர்

"இப்பல்லாம் யாரு சார் சாதி பாக்குறா?" என்பது அடிக்கடி கேட்கும் வசனம்.

நேரடியாக யாரும் கேட்பதில்லைதான். "ஜேஇஇ ரேங்க் என்ன?" "எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?" "ஃபீஸ் கட்டுறீங்களா, ஸ்காலர்ஷிப்பா?" "கோட்டாவா?" சாதியைத் தெரிந்துகொள்ள இப்படிப் பல கேள்விகள் உண்டு. பதில் கிடைத்த பிறகு ஆய்வுக் குழுவில் சேர்ப்பது, மாநாட்டுக்கு அழைப்பது, கட்டுரையில் பெயர் சேர்ப்பது எல்லாம் மெல்ல மாறும். எதையும் எழுதிக்கொடுத்து புகார் செய்ய முடியாது. அதுதான் இதன் கடினம்.

2007-ல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு, டெல்லி எய்ம்ஸ் நிறுவனத்தில் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் சந்திக்கும் பாகுபாட்டை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. உயர்கல்வியில் சாதிப் பாகுபாடு இருக்கிறது என்பதை அரசு அமைத்த குழுவே பதிவு செய்தது அப்போதுதான்.

அதன் பிறகும் இழப்புகள் நிற்கவில்லை. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் ரோஹித் வெமுலா உயிரிழந்தார். தனக்கு 7 மாத ஃபெலோஷிப் தொகை பாக்கி இருப்பதை அவர் கடைசியாகக் குறிப்பிட்டிருந்தார். 2017 மார்ச்சில் ஜேஎன்யு ஆய்வு மாணவரான சேலம் முத்துக்கிருஷ்ணன். 2019 மே மாதம் மும்பையில் பழங்குடி மருத்துவ மேற்படிப்பு மாணவி பாயல் தாட்வி. ரோஹித்தின் தாய் ராதிகாவும், பாயலின் தாய் ஆபிதாவும் சேர்ந்து 2019-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்தார்கள். தங்கள் பிள்ளைகளுக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது என்பதுதான் இரண்டு தாய்களின் கோரிக்கை.

உயிரிழப்பு செய்தியாகிறது. படிப்பை விட்டுப் போவது செய்தியாவதில்லை. 2023 டிசம்பரில் மத்திய கல்வித் துறை நாடாளுமன்றத்தில் கொடுத்த தகவலின்படி, முந்தைய 5 ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம் ஆகியவற்றில் இருந்து வெளியேறிய எஸ்.சி., எஸ்.டி., ஓபிசி மாணவர்கள் 13,626 பேர். இதில் மத்தியப் பல்கலைக்கழகங்களில் மட்டும் 9,642 பேர். பலர் வேறு படிப்புக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறியிருக்கலாம் என்பது அரசின் விளக்கம். அது சிலருக்குப் பொருந்தும். எல்லோருக்கும் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

ஸ்ரீரங்கம் சொல்லும் இன்னொரு கதை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கம், பல நூற்றாண்டுகளாக வேதமும் பிரபந்தமும் உரைகளும் கற்பிக்கப்பட்ட ஊர். யார் கற்கலாம், கற்றவர் எங்கே நிற்கலாம் என்ற கேள்வி இங்கே மிகப் பழையது.

2006 மே மாதம், தகுதியும் பயிற்சியும் உள்ள எந்தச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. அதற்காக 6 இடங்களில் பயிற்சிப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. மதுரை, திருச்செந்தூர், பழனி, திருவண்ணாமலையில் சைவம். சென்னை திருவல்லிக்கேணியிலும் ஸ்ரீரங்கத்திலும் வைணவம். ஆதிதிராவிடர் உட்பட பல சாதிகளைச் சேர்ந்த இளைஞர்கள் சேர்ந்தனர். 200-க்கும் மேற்பட்டோர் படிப்பை முடித்தனர்.

முடித்தார்கள், வேலை வந்ததா? வழக்கு வந்தது. 2015 டிசம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் வரை காத்திருப்பு. தீர்ப்புக்குப் பிறகும் காத்திருப்பு. 2018-ல் மதுரையில் ஒருவருக்கு முதல் நியமனம். 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் பயிற்சி முடித்த 24 பேருக்கு ஒன்றாகப் பணி ஆணை கிடைத்தது. இருபது வயதில் படிப்பை முடித்தவருக்கு அதற்குள் முப்பத்து மூன்று வயது ஆகியிருக்கும். இடைப்பட்ட காலத்தில் பலர் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள்.

2023 செப்டம்பரில் இதே ஸ்ரீரங்கம் பயிற்சிப் பள்ளியில் 3 பெண்கள் அர்ச்சகர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றனர்.

இது பல்கலைக்கழகம் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான். கற்றுக்கொள்ளக் கதவு திறந்த பிறகும், கற்றதைக் கொண்டு வாழ இன்னொரு கதவு திறக்க வேண்டும்.

பட்டம் வாங்கிய பிறகு?

பிஎச்.டி. முடித்தவர்களுக்கு அந்த இன்னொரு கதவு பேராசிரியர் வேலை. அங்கே 'ரோஸ்டர்' என்ற சொல் முக்கியம்.

ரோஸ்டர் என்றால், காலியிடங்களை வரிசை எண் போட்டு எந்த எண் யாருக்கு என்று முன்கூட்டியே குறிப்பது. மத்திய நிறுவனங்களில் 2017-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, துறையையே அலகாகக் கொள்ள வேண்டும் என்று யுஜிசி 2018-ல் உத்தரவிட்டது. அந்த முறையில் ஓபிசிக்கு 4-வது இடம், எஸ்.சி.க்கு 7-வது இடம், எஸ்.டி.க்கு 14-வது இடம். ஒரு துறையில் 3 பணியிடம்தான் இருக்கு என்றால்? ஒருவருக்கும் ஒதுக்கீடு வராது. 14 இடம் உள்ள துறைகள் எத்தனை இருக்கும்? நாடு முழுவதும் போராட்டம் நடந்தது. 2019 மார்ச்சில் அவசரச் சட்டம், பிறகு நாடாளுமன்றத்தில் சட்டம் வந்து, நிறுவனம் முழுவதும் ஒரே அலகு என்று மாற்றப்பட்டது.

நிரந்தர நியமனம் ஆண்டுக்கணக்கில் நடக்காவிட்டால் ரோஸ்டர் இருந்தும் பயனில்லை. அந்த இடைவெளியை நிரப்புவது கவுரவ விரிவுரையாளர்கள். வகுப்பு எடுப்பார்கள், விடைத்தாள் திருத்துவார்கள். கோடை விடுமுறையில் சம்பளம் இருக்காது. குடும்பத்தில் வேறு வருமானம் இருப்பவர் பத்து ஆண்டு காத்திருக்கலாம். முதல் தலைமுறைப் பட்டதாரியால் முடியுமா? வீட்டில் கடன், தங்கையின் கல்யாணம், அப்பாவின் மருத்துவச் செலவு. பிஎச்.டி. பட்டத்தை பீரோவில் வைத்துவிட்டு கிடைத்த வேலைக்குப் போகிறார்கள்.

இதன் விளைவு அடுத்த தலைமுறைக்கும் போகிறது. பேராசிரியர்களில் இவர்கள் குறைவு என்றால் வழிகாட்டிகளில் குறைவு, தேர்வுக் குழுவில் குறைவு. நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையும் அடுத்த மாணவர், தன்னைப் போன்ற ஒருவரை மேசைக்கு அந்தப் பக்கம் பார்ப்பதே இல்லை.

"ஒதுக்கீடு இருக்கே, இன்னும் என்ன வேணும்?"

இந்தக் கேள்விக்கு நேரடியான பதில்: இட ஒதுக்கீடு என்பது நுழைவுச் சீட்டு. உள்ளே போன பிறகு யாருக்கும் மதிப்பெண்ணில் சலுகை இல்லை. ஆய்வேட்டை மதிப்பிடும் வெளித் தேர்வாளருக்கு மாணவரின் சாதி தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எல்லோருக்கும் ஒரே தரம்தான். அந்தத் தரத்தை எட்டத் தேவையான பணம், நேரம், வழிகாட்டல், மரியாதை எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைக்கிறதா என்பதுதான் விவாதம்.

ஒதுக்கீட்டுக்குள்ளேயே சமமின்மை இருக்கிறது என்பதும் உண்மை. அதனால்தான் 2009-ல் அருந்ததியர் உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று 7 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, பட்டியலினத்துக்குள் உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

பாதிக்கப்பட்டால் எங்கே போவது?

- கல்லூரிக்குள்: யுஜிசியின் 2012 சமத்துவ விதிமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் சம வாய்ப்பு மையமும், பேராசிரியர் நிலைக்குக் குறையாத பாகுபாடு தடுப்பு அதிகாரியும் இருக்க வேண்டும். மாணவரோ பெற்றோரோ எழுத்தில் புகார் தரலாம். 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும்.
- புதிய விதிகள் என்னாச்சு? 2026 ஜனவரியில் யுஜிசி புதிய விதிமுறைகளை அறிவித்தது. எதிர்ப்பும் வழக்கும் வந்த நிலையில், அதே மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்தி வைத்தது. 2012 விதிகள் தொடரும் என்றது.
- சட்டப்படி: சாதிப் பெயர் சொல்லி அவமதித்தால் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தில் காவல் நிலையத்தில் புகார் தரலாம். தேசிய உதவி எண் 14566.
- ராகிங் என்றால்: 1800-180-5522.
- கால அவகாசம்: பிஎச்.டி.க்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள், மறுபதிவில் மேலும் 2 ஆண்டுகள். பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக 2 ஆண்டுகள். பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு உண்டு. கேட்டுப் பெறலாம்.
- வெளிநாட்டில் படிக்க: தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில், ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் உள்ள எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.36 லட்சம் வரை உதவி கிடைக்கும்.
- மன அழுத்தம் இருந்தால்: தனியாக இருக்காதீர்கள். 104 அல்லது 14416 எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

புகார் தரும் முன் தேதி, நேரம், நடந்தது என்ன, யார் இருந்தார்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. மின்னஞ்சல், வாட்ஸ்அப் உரையாடல்களை அழிக்க வேண்டாம். உதவித்தொகை தாமதம் என்றால், விண்ணப்ப எண்ணையும் கல்லூரியில் கொடுத்த ஆவணங்களின் ஒப்புகையையும் கையில் வைத்திருக்க வேண்டும். கல்லூரியில் சம வாய்ப்பு மையம் இருக்கிறதா, அதிகாரி யார் என்பதை தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

அடுத்து என்ன?

பச்சமலையில் இருந்து 2024-ல் என்ஐடிக்கு வந்த மாணவியின் பி.டெக். படிப்பு 4 ஆண்டுகள். முடிக்கும்போது 2028 ஆகியிருக்கும். அவர் வேலைக்குப் போகலாம், எம்.டெக். போகலாம், பிஎச்.டி. செய்யவும் நினைக்கலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவர் விருப்பமாக இருக்க வேண்டும். பணம் வராததாலோ, வழிகாட்டி கிடைக்காததாலோ, ஒரு சொல் சுட்டதாலோ எடுத்த முடிவாக இருக்கக் கூடாது.

அதே மலையில் இருந்து அடுத்து ஒருவர் வரும்போது, அது செய்தியாகாத அளவுக்கு சாதாரணமாக இருந்தால் அதுதான் நல்ல செய்தி.